‘காப்பி’ என்று சொல்வதற்கு முன்: ஹாலிவுட் பிஜிஎம் வழியாக சிம்பொனிக்குப் போவது எப்படி

1977-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் ஆரம்ப இசையை ஒரு தடவை கேளுங்கள். முடிந்ததும், 1942-ல் வந்த ‘கிங்ஸ் ரோ’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தின் டைட்டில் இசையைப் போடுங்கள். பத்து விநாடிக்குள் உங்கள் வாயில் ஒரு வார்த்தை வந்து நிற்கும். காப்பி! சொல்லாதீர்கள் என்று தடுக்கவில்லை, கொஞ்ச நேரம் தள்ளிப் போடுங்கள் என்கிறேன்.

இந்த வேலையில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. எந்தப் பாட்டு எங்கிருந்து சுட்டது என்று பட்டியல் போடுவதில் கல்லூரி நாட்களில் நானும் பெரிய ஆள்தான். என்ன, சுட்ட இடத்தைக் கண்டுபிடித்ததும் கேட்பதை நிறுத்திவிடுவேன். கேஸ் முடிந்தது, ஃபைலை மூடு. ஒரு இசையில் இன்னொன்றின் சாயல் அடிக்கிறதே, அந்த இடம்தான் உள்ளே நுழைகிற வாசல் என்று உறைக்க எனக்கு ரொம்ப நாளாயிற்று. பின்னணி இசை பிடிக்கும், ஆனால் சிம்பொனி (ஆர்கெஸ்ட்ராவுக்காகப் பல பகுதிகளாக எழுதுகிற நீண்ட மேற்கத்திய இசை) என்றாலே கொட்டாவி வருகிறது என்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானே முதன்முதலில் ஒரு முழு சிம்பொனியைப் போட்டுவிட்டு இரண்டாம் பகுதியில் தூங்கிப்போன ஆள்தான்.

ஆர்கெஸ்ட்ரா என்றால் நமக்குக் கல்யாண வரவேற்பில் வாசிக்கிற லைட் மியூசிக் குழு ஞாபகத்துக்கு வரும். இங்கே பேச்சு அதைப் பற்றி இல்லை. எண்பது தொண்ணூறு பேர் உட்கார்ந்து வாசிக்கிற கூட்டம் இது: வயலினும் அதன் அண்ணன் தம்பிகளான வியோலா, செல்லோ, டபுள் பேஸும் ஒரு பக்கம், புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன் என்று ஊதுகுழல்கள் நடுவில், அவற்றுக்குப் பின்னால் ஹார்ன், டிரம்பெட், டிராம்போன், டூபா என்று பித்தளைகள், கடைசியில் முரசு வகையறா. இப்போதைக்கு இந்த நான்கு கூட்டத்தையும் காதால் பிரிக்க முடிந்தால் போதும், கிளாரினெட்டா ஓபோவா என்கிற சண்டையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் காரியம், ஃபோன் ஸ்பீக்கரை விட்டு ஹெட்ஃபோனுக்கு மாறுங்கள். இது பந்தாவுக்குச் சொல்வதில்லை. ‘ஜாஸ்’ (1975) படத்தின் சுறா இசை டபுள் பேஸ், செல்லோவின் அடிமட்டத்தில் தொடங்குகிறது, சின்ன ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது. இரண்டே சுரங்கள், இ அப்புறம் எஃப். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை படித்தவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் ச–ரி, அந்த அரைச் சுர இடைவெளிதான். இதே இரண்டு சுரத்தைக் குழந்தைகள் காலையில் பாட்டு வாத்தியார் முன்னால் தினமும் பாடுகிறார்கள், யாரும் பயப்படுவதில்லை. படத்தின் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் (ஸ்டார் வார்ஸுக்கும் இவர்தான்) அதை அடியில் கொண்டுபோய் வைத்து, மெதுவாக விட்டு விட்டு ஆரம்பித்து, வேகத்தையும் சத்தத்தையும் ஏற்றிக்கொண்டே போகிறார். வேகம்தான் தூரம். இசை நெருங்கினால் சுறா நெருங்குகிறது. படத்தில் ஒரு இடத்தில் இரண்டு பையன்கள் அட்டையில் துடுப்பு செய்து கடலில் விட்டு எல்லோரையும் ஓடவைப்பார்கள். கவனித்துப் பாருங்கள், அங்கே அந்த இசை வராது. இசை பொய் சொல்லாது என்று நம்மை அப்படிப் பழக்கிவிட்டு, பின்னால் இசையே இல்லாமல் சுறாவைக் கொண்டுவந்து தூக்கிவாரிப்போட வைப்பார்கள்.

இப்போது செக் இசையமைப்பாளர் டிவோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனி, ‘நியூ வேர்ல்ட்’ என்று சொல்வார்களே, அதன் நான்காம் பகுதியின் முதல் இருபது விநாடியைக் கேளுங்கள். அதே அரைச் சுரம், அதே மாதிரி வேகம் ஏறுகிறது. அது 1893-ல் எழுதியது. மறுபடி அந்த வார்த்தை வாயில் வருகிறதா? இருக்கட்டும். அந்த இருபது விநாடிக்கு அப்புறம் டிவோர்ஷாக் அதை எங்கே கொண்டுபோகிறார் என்று மீதிப் பத்து நிமிடமும் கேட்டுவிடுங்கள். சிம்பொனியின் ஒரு முழுப் பகுதியைக் கேட்டு முடித்திருப்பீர்கள், தூக்கமும் வந்திருக்காது.

அடுத்தது, ஒரே ஒரு தீம் மெட்டை (ஒரு பாத்திரத்துக்கோ விஷயத்துக்கோ அடையாளமாகத் திரும்பத் திரும்ப வருகிற மெட்டு) பிடித்துக்கொண்டு அதன் பின்னால் போவது. பின்னணி இசை ஆல்பத்தைக் கையில் எடுத்தால் முதல் டிராக்கிலிருந்து வரிசையாகக் கேட்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கடைசி டிராக்கான எண்ட் கிரெடிட்ஸை முதலில் போடுங்கள். அனேகமாகப் படத்தின் முக்கியமான தீம்கள் எல்லாம் அங்கே அடுத்தடுத்து, வசனமோ வெடிச்சத்தமோ இல்லாமல் முழுசாக வரும். வாயால் முணுமுணுக்க வருகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்து மனப்பாடம் செய்துகொண்டு, அப்புறம் மற்ற டிராக்குகளில் அதைத் தேடுங்கள்.

தேட எனக்குத் தெரிந்து மிகச் சுலபமானது ஸ்டார் வார்ஸ் வில்லன் டார்த் வேடரின் இம்பீரியல் மார்ச். 1977 படத்தில் அது கிடையாது, 1980-ல் ‘தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்’ படத்தில்தான் வந்தது. பித்தளை வாத்தியங்கள் இறுக்கமாக, ராணுவ நடையில் முழங்கும். 1983-ல் வந்த அடுத்த படத்தில் வேடர் சாகிற காட்சிக்குப் போங்கள் (நாற்பது வருஷம் ஆகிவிட்டது, இனியும் ஸ்பாய்லர் என்று கோபித்துக்கொள்ளக் கூடாது). அதே மெட்டுதான், பித்தளை மட்டும் போய்விட்டது. மெல்லிய தந்திகள், கடைசியில் யாழ் மாதிரியான ஹார்ப்பில் ஒற்றைச் சுரங்களாக அது சொட்டிச் சொட்டி நின்றுவிடும். அப்புறம் 1999 படத்தில் வருகிற சிறுவன் அனகினின் (பின்னால் வேடர் ஆகப்போகிறவன்) தீம் மெட்டைக் கேளுங்கள். இனிமையான, கபடமில்லாத மெட்டு. ஆனால் அது முடிகிற இடத்தில், கூர்ந்து கேட்டால், இம்பீரியல் மார்ச்சின் வளைவு ஒன்று ஒளிந்திருக்கும். இந்தக் குழந்தை என்ன ஆகப்போகிறான் என்று திரையில் யாருக்கும் தெரியாது, இசைக்குத் தெரியும். இதைக் கண்டுபிடித்த நாளன்று நான் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கச் சொன்னேன். யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

மெட்டைப் பிடித்தாயிற்று என்றால் இன்னொரு தடவை அடிப்பகுதியை மட்டும் கேளுங்கள். நம் காது ஒற்றை மெட்டைப் பின்தொடரப் பழகியது, கர்நாடக சங்கீதம் வளர்த்த பழக்கம் அது. மேலே ஒன்று போகக் கீழே வேறொன்று தனக்கென்று ஒரு பாதையில் போவது முதலில் பிடிபடாது. ஆனால் இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் மட்டும் என்ன செய்கிறது என்று தனியாகக் கேட்டு ரசித்தவர்கள் நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்! அதே காதுதான் இங்கேயும் வேண்டும். செல்லோவும் டபுள் பேஸும் எங்கே போகின்றன என்று ஒரு சுற்று கேட்டால், அதே மெட்டு ஒரு இடத்தில் ஏன் சோகமாகவும் இன்னொரு இடத்தில் ஏன் கம்பீரமாகவும் இருக்கிறது என்பது தானாகவே பிடிபடும்.

சரி, இனி பின்னால் போகலாம்.

முதலில் ஒரு நடைமுறை விஷயம், இது தெரிந்தால் காப்பிப் புகார்களில் பாதி அடங்கிவிடும். படத்தை வெட்டி ஒட்டும்போது இசை தயாராக இருக்காது. அதனால் இயக்குநரோ எடிட்டரோ ஏற்கெனவே இருக்கிற ஏதாவது இசையைத் தற்காலிகமாகப் போட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். டெம்ப் டிராக் என்று பெயர். மாதக் கணக்கில் அதோடு பார்த்துப் பார்த்து அதிலேயே மனசு ஊறிவிடும், இசையமைப்பாளர் வரும்போது ‘இதே மாதிரி, ஆனால் இது வேண்டாம்’ என்பார்கள். பாவம் அந்த மனுஷன். ஸ்டார் வார்ஸுக்கு அதன் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸும் பழைய சாஸ்திரிய இசைத் துண்டுகளைப் போட்டுத்தான் வைத்திருந்தார். வில்லியம்ஸ் அவற்றை ஒதுக்கிவிட்டு, பாத்திரத்துக்கு ஒரு தீம் என்று புதிதாக எழுதி, லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை வைத்துப் பதிவு செய்தார். வாசனை மட்டும் ஒட்டிக்கொண்டது. முதல் காட்சியில் எழுத்துகள் மேலே போய் மறைந்ததும் பிரம்மாண்டமான கப்பல் தலைக்கு மேல் வருமே, அப்போது இடி மாதிரி விழுகிற அடிகளைக் கேட்டுவிட்டு, ஆங்கிலேய இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்டின் ‘தி பிளானெட்ஸ்’ தொகுப்பில் ‘மார்ஸ்’ என்ற முதல் பகுதியின் முடிவைக் கேளுங்கள்.

மார்ஸை அதோடு விடாமல் ஆரம்பத்திலிருந்தும் கேட்க வேண்டும். ஐந்து அட்சரம், கண்ட கதி மாதிரி. ‘தகிட தா தா தக தா’ என்று சொல்லிக்கொண்டே கையால் தட்டினால் அப்படியே உட்காரும். வயலின்காரர்கள் வில்லைத் திருப்பி அதன் மரக்கட்டையால் தந்தியைத் தட்டுவதால்தான் தொடக்கத்தில் அந்த எலும்பு உரசுகிற சத்தம் வருகிறது. இதை 1914-ல் எழுதினார், முழுத் தொகுப்பும் 1918-ல்தான் முதலில் மேடையேறியது. இந்த ஹோல்ஸ்ட் சமஸ்கிருதம் படித்து ரிக் வேதப் பாடல்களுக்கு இசையமைத்தவர், சாவித்திரி கதையை ஒரு சின்ன ஆபெராவாகவும் (பாடியே நடிக்கிற இசை நாடகம்) எழுதியிருக்கிறார். விண்வெளிப் படம் என்றாலே இன்றைக்கும் ஆர்கெஸ்ட்ரா இப்படித்தான் முழங்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறதே, அதில் பெரும்பங்கு இவருடையது.

பாத்திரத்துக்கு ஒரு தீம் என்கிற ஏற்பாட்டைப் பெரிய அளவில் கட்டியவர் ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர். லைட்மோட்டிஃப் என்று இதைச் சொல்வார்கள். ‘ரிங்’ என்ற அவருடைய நான்கு ஆபெராக்களையும் சேர்த்தால் பதினைந்து மணி நேரம் வரும், நான்கு ராத்திரி. விடிய விடியக் கூத்துப் பார்த்த பரம்பரைதானே என்று முழுசாக உட்கார்ந்துவிடாதீர்கள், எடுத்த எடுப்பில் அது வேண்டாம். கடைசி ஆபெராவில் சீக்ஃபிரீட் என்ற வீரன் செத்ததும் வருகிற சவ ஊர்வல இசையை மட்டும் கேளுங்கள், ஆறேழு நிமிடம்தான். முரசு இரண்டிரண்டாக அடிக்க, அவனுடைய அப்பா அம்மாவின் தீம், வாளின் தீம், அவனுடைய சொந்த தீம் என்று அவன் வாழ்க்கை முழுக்க இசையாகவே ஓடும். ஒரு வசனம் கிடையாது. சினிமாவில் ஹீரோ சாகும்போது ஃப்ளாஷ்பேக் ஓட்டுகிறோமே, அதுதான். வாக்னர் 1876-ல் பைராய்த் நகரில் தனக்கென்று கட்டிக்கொண்ட அரங்கில் ஆர்கெஸ்ட்ராவை மேடைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாதபடி ஒளித்துவைத்தார். இருட்டு அரங்கு, வெளிச்சமான மேடை, எங்கிருந்தோ வருகிற இசை. அது ஒரு சினிமா தியேட்டர்தான், புரொஜெக்டர் மட்டும் இன்னும் வரவில்லை.

என்னைக் கேட்டால் வாக்னரைவிட பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் நமக்கு இன்னும் நெருக்கம். 1830-ல் பாரிஸில் அரங்கேறிய ‘சிம்ஃபொனி ஃபான்டாஸ்டிக்’. அப்போது அவருக்கு 26 வயது, ஹாம்லெட் நாடகத்தில் பார்த்த ஹாரியட் ஸ்மித்சன் என்ற நடிகைமீது ஒருதலைக் காதலில் கிறுக்குப் பிடித்திருந்தார். சிம்பொனிக்குக் கதையே எழுதி, அச்சடித்துக் கொடுத்தார். ஒரு கலைஞன் காதல் தோல்வியில் அபின் சாப்பிடுகிறான், காதலியைக் கொன்றுவிட்டதாகக் கனவு காண்கிறான், கனவிலேயே தலையை வெட்டுகிறார்கள், செத்த பிறகு சூனியக்காரிகள் கூடிக் கூத்தடிக்கிறார்கள், அதில் அவளும் ஒருத்தி. நம் ஊர்க் கதாசிரியர்கள்கூடக் கொஞ்சம் யோசிப்பார்கள். காதலிக்கு ஒரு தீம் உண்டு, ஐந்து பகுதியிலும் அது வேறு வேறு வேஷத்தில் வரும்.

இதை வரிசையாகக் கேட்காதீர்கள். நான் சொல்கிற கிரமம் வேறு. முதலில் நான்காம் பகுதி, கொலைக்களத்துக்குப் போகிற ஊர்வலம். அது முடிகிற நேரத்தில் எல்லாம் சட்டென்று நின்று, கிளாரினெட் மட்டும் தனியாக ஒரு மெல்லிய மெட்டைத் தொடங்கும், அவளுடைய ஞாபகம் அது. மெட்டு முடிவதற்குள் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் ஒரே வெட்டு. கத்தி இறங்கிவிட்டது. தொடர்ந்து தந்திகளை விரலால் சுண்டுகிற சத்தம், தலை உருள்கிறது. 1830-ல் எழுதியது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது முதல் பகுதிக்குப் போங்கள், ஐந்தாறு நிமிடம் பொறுத்தால் அவளுடைய தீம் வயலினிலும் புல்லாங்குழலிலும் முழுசாக வரும். அதை மனசில் வாங்கிக்கொண்டு நேரே ஐந்தாம் பகுதிக்குத் தாவினால், அதே மெட்டை ஒரு கீச்சுக் கிளாரினெட் குத்தாட்டம் மாதிரி எகத்தாளமாக வாசிக்கும். தேவதை சூனியக்காரியாகிவிட்டாள். வேடரின் பித்தளை ஹார்ப்பாக மாறியதே, அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது மாதிரி.

அந்த ஐந்தாம் பகுதியில் மணியோசைக்கு நடுவே, அடித்தொண்டையில் மெதுவாக ஒரு பழைய மெட்டு வரும். ‘டியஸ் இரே’, இடைக்காலத்து லத்தீன் இறுதிச் சடங்குப் பாட்டு. ஊழித் தீர்ப்பின் நாளைப் பற்றியது. நம் சுரத்தில் சொன்னால் க ரி க ச, ரி நி ச ச. கரகரப்பிரியாவில் பாடிப் பாருங்கள், கடைசி நி மட்டும் கீழ் நிஷாதம். இதை ஒரு தடவை மனப்பாடம் செய்துவிட்டால் அப்புறம் உங்களுக்கு நிம்மதி போயிற்று. ‘தி ஷைனிங்’ (1980) படத்தில் கார் மலைப்பாதையில் போகிற முதல் காட்சியில் சிந்தசைசரில் உறுமுவது இதேதான். அதற்கப்புறம் எந்தப் படத்தில் சாவு வந்தாலும் க ரி க ச வருகிறதா என்று காது தேட ஆரம்பித்துவிடும். அளவோடு தேடுங்கள். நான்கே சுரம்தான், தற்செயலாகவும் விழலாம், எல்லாவற்றையும் டியஸ் இரே என்று அடித்துச் சொல்கிற ஆசாமிகளைப் பார்த்திருக்கிறேன்.

சில நேரம் டெம்ப் டிராக் அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ (1968) படத்துக்கு அலெக்ஸ் நார்த் இசையெழுதிக் கொடுத்தார், இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ரிச்சர்ட் ஸ்டிராஸ், யோஹான் ஸ்டிராஸ், லிகெட்டி என்று பழைய இசைத்தட்டுகளையே வைத்துக்கொண்டார். தன் இசை படத்தில் இல்லை என்பது படத்தைத் திரையில் பார்க்கும்போதுதான் நார்த்துக்குத் தெரிந்தது. அந்த இரண்டு ஸ்டிராஸும் உறவுக்காரர்கள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், பலர் குழம்புகிறார்கள். லிகெட்டிக்கு இந்தப் படம்தான் நல்ல நுழைவாயில். மெட்டே இல்லாத, மேகம் மாதிரி நகர்கிற இசை அது, வெறுமனே போட்டுக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கஷ்டம்தான். படத்தில் வருகிற கறுப்புக் கல்லைக் கண்ணில் வைத்துக்கொண்டு கேட்டால் உள்ளே போக முடிகிறது.

தமிழிலேயே ஒரு வாசல் வேண்டும் என்றால் இருக்கிறது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986) ஆல்பத்தில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்று ஒன்று வரும். அதற்கு முன்னால் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாவது பார்ட்டீட்டா என்ற தொகுப்பின் முதல் பகுதியைக் கேளுங்கள், நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிறகு ராஜாவைப் போட்டால், பாக் வாசித்துக்கொண்டிருக்க தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இவர் பதில் சொல்கிற மாதிரி இருக்கும். சாயல் என்பதை ஒளித்துவைக்காமல் பெயரிலேயே சொல்லிவிட்டார் பாருங்கள். 2025 மார்ச் 8-ல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்த அவருடைய சிம்பொனிக்கு நான் உங்களை இப்போதே அனுப்பவில்லை, இந்தச் சுற்றெல்லாம் முடிந்த பிறகு அதைக் கேட்டால் காது வேறு மாதிரி கேட்கும்.

இனி அந்த கிங்ஸ் ரோ. அதை எழுதியவர் எரிக் வொல்ஃப்காங் கோர்ன்கோல்ட். வியன்னாவில் வளர்ந்த அதிசயக் குழந்தை. பதினோரு வயதில் எழுதிய பாலே வியன்னா அரச ஆபெராவில் ஏறியது, ‘மேதை’ என்றார் இசையமைப்பாளர் மாலர். 23 வயதில் அவருடைய ஆபெரா ஒன்று ஒரே நாளில் இரண்டு நகரங்களில் அரங்கேறியது. அவர் யூதர். 1938-ன் தொடக்கத்தில் ‘ராபின் ஹுட்’ படத்துக்கு இசையமைக்க ஹாலிவுட் போனார், மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிவிட்டார், திரும்பிப் போக ஊர் இல்லை. அந்தப் படம்தான் தன் உயிரைக் காப்பாற்றியது என்பார். ‘கிங் காங்’ (1933) படத்துக்கு இசையமைத்த மாக்ஸ் ஸ்டைனரும் வியன்னாக்காரர்தான், ரிச்சர்ட் ஸ்டிராஸ் அவருக்கு ஞானத்தந்தை. ஹாலிவுட் சத்தம் என்று நாம் நினைப்பதில் பாதி வியன்னா ஆபெரா அரங்கின் சத்தம், கப்பலேறி வந்தது. வில்லியம்ஸ் 1977-ல் கோர்ன்கோல்டைப் பார்த்து எழுதினார் என்று சொன்னால், கோர்ன்கோல்ட் யாரைக் கேட்டு வளர்ந்தார் என்பதையும் கேட்க வேண்டும். மாலர், ஸ்டிராஸ், அவர்களுக்குப் பின்னால் வாக்னர். எந்த இடத்தில் நிறுத்தி யார்மேல் வழக்குப் போடுவீர்கள்?

போர் முடிந்த வருஷம், 1945-ல், கோர்ன்கோல்ட் தன் சொந்தப் படங்களிலிருந்தே மெட்டுகளை எடுத்து ஒரு வயலின் கான்செர்ட்டோ (ஒற்றை வயலினை முன்னிறுத்தி ஆர்கெஸ்ட்ரா கூட வாசிக்கிற இசை) எழுதினார். 1947-ல் வயலின் மேதை ஹைஃபெட்ஸ் அதை முதன்முதலாக வாசித்தார். நியூயார்க் விமர்சகர் ஒருவர், இதில் தங்கத்தைவிடச் சோளம் அதிகம் என்று அவர் பெயரை வைத்தே கேலி செய்தார். கார்ன் என்றால் சோளம், மலிவான உருக்கத்துக்கும் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் உண்டு. சினிமாக்காரன் என்ற முத்திரை அவர் 1957-ல் சாகும்வரை போகவில்லை. இன்றைக்கு உலகம் முழுக்க வயலின் கலைஞர்கள் அந்தக் கான்செர்ட்டோவை ஆசையோடு வாசிக்கிறார்கள்.

அதை ஒரே மூச்சில் கேளுங்கள், இருபத்தைந்து நிமிடம்தான். எடுத்த எடுப்பில் வயலின் ஏறிப்போகிற அந்த மெட்டு ‘அனதர் டான்’ என்ற படத்திலிருந்து வந்தது, மூன்றாம் பகுதியில் துள்ளுவது ‘தி பிரின்ஸ் அண்ட் தி பாப்பர்’. இரண்டு படத்தையும் பார்த்திருக்க வேண்டியதில்லை. நேரில் கேட்க வாய்ப்பு வந்தால் ஒரே ஒரு எச்சரிக்கை: பகுதிகளுக்கு நடுவில் கை தட்டுவது வழக்கமில்லை. முதல் பகுதி முடிகிற விதத்தில் கை தானாக எழும். அடக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எனக்கு நேர்ந்த மாதிரி முன் வரிசையில் நான்கு தலை திரும்பிப் பார்க்கும்.